மஞ்சள் துணியில் முடிந்த அரையணா வில்லை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவது வரைதான் படித்தேன்; மறதியும் அதிகம். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆவடியில் பூந்தமல்லி பஸ் ஏறினேன். பத்துக் கிலோமீட்டர் இருக்கும். பனியில் கட்டடங்கள் எல்லாம் தண்ணீருக்குள் நிற்பதுபோல் தெரிந்தன. கைக்குள் அம்மாவின் மஞ்சள் முடிச்சு.

“இன்னா ஆயா, காச இப்டி இறுக்கிப் புடிச்சிகினு கீற? உனக்குத்தான் டிக்கெட் ஃப்ரீ ஆச்சே!” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா பட்டாளத்தில் சேர்ந்து சண்டைக்குப் போனபோது, உயிரோடு திரும்ப வேண்டும் என்று மாங்காட்டு அம்மனுக்கு அம்மா முடிந்து வைத்தது அது. அப்போது சில்லறையே கிடைக்காதாம். பூந்தமல்லி மளிகைக்கடைக்காரர் மீதிக் காசுக்குப் பதில், தராசுப் படம் போட்ட பித்தளை வில்லை கொடுப்பாராம். அம்மா அந்த அரையணா வில்லையைத்தான் முடிந்தாள். அப்பா வந்தார், பிறகு நான் பிறந்தேன். ஆனால் கடை வில்லையை உண்டியலில் போட அம்மாவுக்கு வெட்கம். முடிந்ததை எடுத்துவிட்டு நாமாக வேறு காசு வைக்கவும் கூடாது. கொடுத்த கடையே மாற்றித் தர வேண்டும் என்பாள். அதைக் கேட்கக் கூச்சப்பட்டே போய்ச் சேர்ந்தாள். அடுத்த வாரம் எனக்கு இருதய ஆபரேஷன். அதற்குமுன் இதைத் தீர்த்துவிட நினைத்தேன்.

ஏழே முக்காலுக்குப் பூந்தமல்லி. கடை இன்னும் இருந்தது. வாசலில் கால் மணி நேரம் சும்மா நின்றேன். கடைக்காரரே கூப்பிட்டார். முடிச்சை அவிழ்த்துக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன்.

“ஐயே, எங்க தாத்தா போட்ட வில்லை!” என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இத்த வச்சிகினு காசு குடு நைனா. ஒர்ரூவா போதும்.”

“காசு கெடையாது ஆயா. தாத்தா காலத்துலேர்ந்தே வில்லைக்குச் சரக்குதான்.”

நான் வில்லையைத் திரும்பத் துணியில் முடியப் போனேன்.

“கோயிலுக்குப் போறவங்களுக்குப் புளி கட்டிக் குடுப்பியாக்கும்! தள்ளு,” என்று அந்த அம்மாள் அவரை விலக்கி, ஒரு பொட்டலம் சூடம் எடுத்து என் கையில் வைத்தாள். வில்லை கல்லாவில் விழுந்த சத்தம் சின்ன மணிபோல் கேட்டது.

ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். ஒன்பது மணிக்கு மாங்காடு. கோயிலுக்கு வெளியே, எல்லோரும் ஏற்றும் இடத்தில் சூடத்தை ஏற்றினேன். கொஞ்ச நேரந்தான் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பக்கத்தில் யாரோ, அம்மா செய்கிற மாதிரியே, முந்தானையைச் சரிசெய்வதுபோல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காசாக முடிந்ததைச் சூடமாகக் கொடுத்தால் வேண்டுதல் சேருமா? முறை தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். சேராது என்றால் மட்டும், ஆபரேஷன் முடிந்த பிறகு சொல்லுங்கள்.