கல்யாண உடுப்புக்கு ஒரு கதிரை

அவர்கள் விமானம் தெரிந்தெடுத்த அந்தப் பின்னேரத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். மறந்துவிட்டேன். இதை மறக்கவில்லை. மறக்க முயற்சிக்கவும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலெர்மோவில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். சமையல், துப்புரவு, உடுப்பு அழுத்தி மினுக்குதல், எல்லாம் நான்தான். அவர்களுடைய இளைய மகளுக்கு வடக்கே ஏரிக்கரை ஊர் ஒன்றில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம். பெண் வீட்டார் வழமையான விமானத்தில் வரிசையில் நின்று போய் இறங்கினால் மதிப்பில்லை என்று வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, நினைத்தா. அதனால் தனி விமானம் ஒன்றை வாடகைக்குப் பிடிப்பதென்று முடிவாயிற்று.

ரோமிலிருந்து ஒரு தரகர் வந்தார். பளபளவென்ற படப் புத்தகங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். சின்ன விமானம் ஆறு பேருக்குத்தான் காணும், உள்ளே குனிந்துதான் நடக்கவேண்டும். பெரியது அந்த ஏரிக்கரைப் பக்கத்துச் சின்ன விமான நிலையத்தில் இறங்காது. நடுத்தரமானதுதான் உங்களுக்குத் தோது என்றார். எட்டுக் கதிரை, கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கலாம், பெட்டிகளுக்கும் தாராளமாக இடம் இருக்கிறது.

வீட்டுக்காரர் சிஞ்ஞோருக்குப் படத்தைப் பார்த்து நம்பிக்கை வரவில்லை. கட்டடம் கட்டுகிற மனிதர் அல்லவா? அளவு நாடாவை எடுத்து, தரகர் சொல்லச் சொல்ல, வரவேற்பறைப் பளிங்குத் தரையில் விமானத்தின் உட்புறத்தை ஒட்டுநாடாவால் கோடு போட்டார். சாப்பாட்டுக் கதிரைகளைக் கொண்டுவந்து எதிரும் புதிருமாக அடுக்கினோம். குடும்பம் முழுக்க ஏறி உட்கார்ந்து சிரித்தது. நடுத்தர விமானத்தில் பணிப்பெண் வரமாட்டாள் என்று தரகர் சொன்னதும், கோப்பித் தட்டை ஏந்தி நடுவால் நடந்து காட்டும்படி என்னிடம் சொன்னார்கள். நடந்தேன். யாருடைய முழங்காலிலும் இடிக்காமல் போய் வந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் பயணத்தில் நானும் போவதென்று முன்பே பேச்சு. மணப்பெண்ணின் உடுப்பை அங்கே மினுக்கிக் கொடுக்க நான் வேண்டும். ஏரியைப் பார்க்கலாம், கல்யாணத்தைப் பார்க்கலாம் என்று எனக்கென ஒரு சேலைகூட எடுத்து வைத்திருந்தேன்.

பிறகு ஆட்களை எண்ணினார்கள். குடும்பத்தில் ஏழு பேர். எட்டாவது கதிரை எனக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, மூத்த மகள் உடுப்பை எங்கே வைப்பது என்று கேட்டாள். அதை மடிக்கக் கூடாது, தொங்கவிட்டாலும் கசங்கும். எட்டாவது கதிரையைப் பின்னால் சாய்த்து அதன்மேல் கிடத்தலாம் என்று சிஞ்ஞோரா சொன்னா. அப்படியானால் இவள்? என்று சிஞ்ஞோர் என் பக்கம் தலையை ஆட்டினார்.

தரகர் சிரித்துக்கொண்டே புத்தகத்தில் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். விமானத்தின் பின்பக்கக் கழிவறை. மூடிக்குமேல் தோல் மெத்தை, பக்கத்தில் இடுப்புப் பட்டி. சட்டப்படி இதுவும் ஓர் இருக்கைதான், ஒன்பதாவது ஆளை இதில் ஏற்றலாம் என்று விளக்கினார். யாருக்காவது அவசரம் வந்தால் நான் எழுந்து வெளியே நிற்கவேண்டும், அவர்கள் போய் வந்தபின் திரும்ப உள்ளே போய் இருக்கவேண்டும். இதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

எல்லோருக்கும் திருப்தி. மேசை விளக்கை எங்கே வைப்பது என்று தீர்ந்துவிட்ட மாதிரி அடுத்த கதைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தட்டோடு குசினிக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

எங்கள் வீடு அல்பெர்கேரியாப் பகுதியில். நடந்தே போனேன். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் என் கணவர் அன்று வீட்டில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும், இரண்டு பேருமாகத் திட்டித் தீர்க்கலாம் என்று எதிர்பார்த்தேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு மணித்தியாலம்தானே. மூடியெல்லாம் போட்டிருக்கெண்டு நீதானே சொல்லுறாய். நான் இந்த நாட்டுக்கு லொறிக்குள்ளை ஒளிச்சு வரேக்கை கதிரையிலையே இருந்து வந்தனான்?"

"லொறிக்குள்ளை உங்களுக்கு வேறை இடம் இருக்கேல்லை," என்றேன். "இஞ்சை இடம் இருக்கு. அதை உடுப்புக்குக் குடுத்திட்டினம்."

பெர்மெஸோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்கிற நேரம், அந்த வீட்டின் வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் போய் நிற்க முடியாது, பேசாமல் போய் இருந்துவிட்டு வா என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அவர் சொன்னது எல்லாம் சரி. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அன்று அவரோடு சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை சிஞ்ஞோராவிடம் தன்மையாகத்தான் கேட்டேன். முதல் நாளே என்னை ரயிலில் அனுப்பிவிடுங்கள், நான் அங்கே போய்க் காத்திருக்கிறேன் என்றேன். அப்படியென்றால் விமானத்தில் கோப்பி யார் கொடுப்பது என்று கேட்டா.

"அப்படியானால் நான் வரவில்லை, சிஞ்ஞோரா. நான் அதில் இருக்க மாட்டேன்."

அவவுக்கு விளங்கவே இல்லை. அது நல்ல தோல், எங்கள் வீட்டுக் கதிரைகளைவிட மெத்தென்று இருக்கும் என்றா. பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே என்னைத் தேற்றப் பார்த்தா. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பயமும் போய்விட்டது. அப்படி மெத்தென்று இருந்தால் நீங்கள் இருங்கள், உங்கள் கதிரையை எனக்குத் தாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பின்னேரம் மணப்பெண் குசினிக்கு வந்தாள். நல்ல பிள்ளை என்று நான் நினைத்திருந்தவள். அழுதாள். தானே வேண்டுமானால் அங்கே இருப்பதாகச் சொன்னாள். சரி, இருங்கோ என்று நான் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடுப்பு கசங்கினால் உன்னால்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்னை விட்டுவிட்டுத்தான் போனார்கள். உடுப்பு கதிரையில் போயிற்று. திரும்பி வந்தபின் என்னை நிறுத்துவார்கள் என்று காத்திருந்தேன். நிறுத்தவில்லை. பெர்மெஸோவுக்குக் கையெழுத்தும் போட்டார்கள். ஆனால் விருந்தாளிகள் வரும்போதெல்லாம், எங்கள் வீட்டு மகாராணி கழிவறையில் இருக்க மறுத்த கதையென்று சிஞ்ஞோரா என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிச் சிரிப்பா. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அடுத்த வசந்தத்தில் ஒரேத்தோத் தெருவில் வயதான தம்பதி ஒன்றிடம் வேலை கிடைத்ததும், ஒரு கிழமை முன்னறிவித்தல்கூடக் கொடுக்காமல் வெளியேறினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் கோயில் இருக்கிற மலைக்குப் போவார்கள். சைவ ஆட்களும்தான். ஒருநாள் கோயில் வாசலில் நாலைந்து குடும்பம் கூடி நின்று கதைத்தபோது, என் கணவர் இந்தக் கதையை எடுத்தார். நன்றாகத்தான் சொன்னார். கடைசியில், "நான்தான் சொன்னனான், வேலை போனாலும் பரவாயில்லை, அதிலை இருக்காதை எண்டு," என்று முடித்தார். எல்லோரும் அவரை மெச்சினார்கள்.

"இல்லை," என்றேன். "இவர் போய் இருக்கச் சொன்னவர். நான்தான் மாட்டனெண்டனான்."

எல்லோரும் கோயிலுக்குள் போகத் திரும்பினார்கள். மலையிலிருந்து பேருந்தில் இறங்கி வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சமாதானம் சொல்லவில்லை.