டிரைவர் சைடு, கிளீனர் சைடு

நான் முதன்முதலாகத் தனியாக டெலிவரிக்குக் கொண்டுபோன டிரெய்லரின் சக்கரம், வாங்கியவர்களின் வீட்டு வாசலிலேயே, திறந்த சாக்கடையின் விளிம்பில் போய் நின்றது. காரை ஓட்டியவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "வேணாங்க, திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

டெலிவரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் டிரெய்லரைக் காரோடு இணைக்கும் கப்லரை மாட்டச் சொல்லித் தருவதற்கு முன் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் தொண்டை வறள வேண்டியதில்லை.

எங்கள் ஷெட்

அத்திபெலேயில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஷெட் இருக்கிறது. காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சின்ன கேம்பர் டிரெய்லர் செய்கிறோம். உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, மேலே விரிக்க ஒரு கூடாரம், பின்பக்கக் கதவைத் தூக்கினால் ஒரு குட்டி சமையலறை. சனி, ஞாயிறு ஊர் சுற்றுகிறவர்கள் வாங்குவார்கள். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று எங்கள் வீடு இருக்கும் மர்பி டவுனில் யாராவது கேட்டால், என் அம்மா, "வண்டிக்குப் பின்னாடி வீடு மாட்டுற கம்பெனி" என்பார். இதைவிட நல்ல விளம்பரத்தை எங்கள் கம்பெனியில் இதுவரை யாரும் எழுதவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா லாரியில் கிளீனராக இருந்தவர். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து இந்த ஷெட்டில் சேர்ந்தபோது, சட்டைப் பையின் மேல் 'ரேவதி' என்று நூலால் தைத்துக் கொடுத்தார்கள். உடை மாற்ற ஷெட்டில் அறை உண்டு. ஆனாலும் அந்தச் சட்டையோடுதான் பஸ் ஏறுவேன். இன்றும் அப்படித்தான்.

முதலில் என்னை வயரிங் டேபிளில் உட்கார வைத்தார்கள். காரின் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் டிரெய்லரிலும் எரிய வேண்டும். அதற்கான செவன்-பின் சாக்கெட்டுக்கு வயர் இழுப்பது என் வேலை. அதை நன்றாகச் செய்தேன். எனக்கு வேண்டியிருந்ததோ டெலிவரி. டெலிவரி என்றால் வண்டியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவது மட்டுமல்ல. வாங்கியவர் அதை மாட்டி, இழுத்து, திருப்பி, தன் வீட்டில் நிறுத்தும்வரை கூட இருந்து சொல்லித் தர வேண்டும். ஷெட்டில் எல்லாம் தெரிந்த ஆள்தான் அதற்குப் போவார்.

எங்கள் ஓனர் பிரகாஷ் சார் தங்கவயல்காரர், பேச்சு குறைவு. நான் நாலைந்து தடவை கேட்ட பிறகு ஒருநாள், "உனக்குத் தெரியும், அது எனக்கும் தெரியும். ஆனா நீ சொன்னா கஸ்டமர் கேப்பாங்களா?" என்றார். அனுப்பிப் பார்த்தால்தானே தெரியும் என்றேன்.

"சரி, இந்த வார டெலிவரி நீ போ. அவங்க வீட்ல அவங்களே ரிவர்ஸ் போட்டு நிறுத்தணும். நீ சீட்ல உக்காரக் கூடாது. முடியலன்னா டிரெய்லர திருப்பிக் கொண்டாந்துடு. அப்புறம் வயரிங்தான், டெலிவரி பேச்சே எடுக்கக் கூடாது."

ஒத்துக்கொண்டேன்.

கிரைண்டர்

வாங்கியவர் பெயர் வித்யா. திருப்பத்தூர்க்காரர், ஐ.டி. கம்பெனியில் வேலை. கணவர் அருணுக்கு இடுப்பு வலி, நெடுந்தூரம் ஓட்டமாட்டார். அதனால் இழுக்கப் போவது வித்யாதான். அவர்களோடு அருணின் அப்பா கஜேந்திரனும் வந்திருந்தார். வேலூர்ப் பக்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, காதருகே ஒரு பேனா. ஷெட்டுக்குள் நுழைந்ததும் டிரெய்லரின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி, தகரம் கெட்டியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார்.

கப்லர், சேஃப்டி செயின், முன்பக்கக் குட்டிச் சக்கரம், சாக்கெட் எல்லாவற்றையும் வித்யா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். ரிவர்ஸுக்கும் ஷெட் மைதானத்தில் பாடம் நடத்தினேன். டிரெய்லரோடு பின்னால் போகும்போது ஸ்டியரிங் எதிர்மாறாக வேலை செய்வதுபோல் தோன்றும். அதற்கு ஒரு சுலப வழி உண்டு. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடிக்க வேண்டும். கை எந்தப் பக்கம் நகர்கிறதோ, டிரெய்லரின் வால் அந்தப் பக்கம் போகும். "நான் ரைட்னா கைய ரைட்ல நகத்துங்க, லெஃப்ட்னா லெஃப்ட்ல" என்றேன். மைதானத்தில் அழகாகப் போட்டார்.

கிளம்பிய பிறகு முதல் சிக்கல் வந்தது. நெடுஞ்சாலையில் வேகம் அறுபதைத் தொட்டதும் டிரெய்லரின் வால் இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்தது. நான் வித்யாவின் பக்கத்து சீட்டில் இருந்தேன். பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுக்கச் சொன்னேன். ஆட்டம் அடங்கியது. ஓரம் கட்டி, பின்கதவைத் தூக்கிப் பார்த்தேன். சமையலறைத் தட்டில் இரண்டு தண்ணீர் கேன், அதன் பக்கத்தில் ஒரு டேபிள் டாப் கிரைண்டர், கல்லோடு.

அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொண்டுவந்தாராம் கஜேந்திரன். நான் அந்தப் பக்கம் போனபோது உள்ளே வைத்திருக்கிறார்.

"ரெண்டு நாள் வெளிய தங்கறோம். இட்லிக்கு எங்கம்மா போறது?" என்று என்னிடம் கேட்டார்.

"மாவ வீட்லயே அரைச்சு டப்பால எடுத்துட்டுப் போலாம்பா" என்றார் அருண்.

"பழைய மாவு."

டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கு முன்னால், காரின் கொக்கி மேல் உட்கார வேண்டும். ஷெட்டில் அதை மூக்கு பாரம் என்போம். பாரத்தையெல்லாம் பின்னால் வைத்தால் மூக்கு லேசாகும், வால் ஆடும். சமையலறை பின்னால் இருப்பதால் எல்லாரும் சாமானை அங்கேதான் அடுக்குவார்கள். கேன்களை அச்சுக்கு முன்னால் மாற்றினேன். கிரைண்டரை கார் டிக்கிக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு ஆட்டமே இல்லை. பரவாயில்லை, நாம் சொன்னால் கேட்கிறார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வாசல்

வீடு சந்தாபுராவைத் தாண்டி ஒரு லேஅவுட்டில். குறுகலான தெரு. கேட் அகலம் போதுமானது, ஆனால் ரிவர்ஸில் வரும் டிரைவருக்கு வலது கைப் பக்கம், கேட்டை ஒட்டி, சாக்கடையின் மூடியில் ஒரு பலகைக் கல் இல்லை. இடது பக்கம் எதற்கும் பயமில்லை, காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு செம்பருத்திச் செடி மட்டும். டிரெய்லரைப் பார்த்ததும் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்தார், மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள், லேஅவுட் வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "பர்லி, பர்லி" என்று கையை ஆட்ட ஆரம்பித்தார். வரட்டும், வரட்டும் என்று கன்னடத்தில்.

கஜேந்திரன் அவரை ஒரு பார்வை பார்த்து ஒதுங்க வைத்துவிட்டு, டிரெய்லருக்குப் பின்னால் தன் இடத்தைப் பிடித்தார். நான் வித்யாவின் ஜன்னலருகே நின்றேன்.

வித்யா ரிவர்ஸ் கியர் போட்டார். டிரெய்லர் நேராக வந்தது. திடீரென்று வால் வலது பக்கம் சாய்ந்தது. முன்னால் எடுத்து நேராக்கச் சொன்னேன். மறுபடி வந்தார், மறுபடி வலது பக்கம். சின்ன டிரெய்லர் காருக்குக் குறுக்காகச் சீக்கிரம் மடிந்துவிடும். மூன்றாவது தடவை நான் நிறுத்து என்று சொல்வதற்குள் வலது சக்கரம் அந்தக் கல் இல்லாத இடத்தின் விளிம்புக்குப் போய்விட்டது. அப்போதுதான் வித்யா இன்ஜினை அணைத்து, திருப்பி எடுத்துப்போகச் சொன்னார்.

அருண் காரிலிருந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஓனர் போட்ட நிபந்தனையை வழியிலேயே அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

"நீங்களே உள்ள போட்டுடுங்களேன். உங்க ஓனருக்கு யாரு சொல்லப்போறா?"

எனக்கு அது இரண்டு நிமிட வேலை. யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிவிட்டு வந்து இதே வாசலில் நிற்கும்போது யார் போடுவார்கள்? அதற்கடுத்த வாரம் டிரெய்லர் வெளியே வராது. ஒரு மாதத்தில் அதன் மேல் துணி காயப்போடுவார்கள். இப்படிச் செடிக்கு நிழலாக நின்றுபோன டிரெய்லர்களை நான் பார்த்திருக்கிறேன். முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை மட்டும் பார்க்கலாம் என்று வித்யாவிடம் கேட்டேன். அவர் சாவியைத் திருகி, காரை முன்னால் எடுத்து நேராக்கினார்.

இந்த முறை டிரெய்லரைப் பார்க்காமல் வித்யாவின் கையைப் பார்த்தேன். கை ஸ்டியரிங்கின் அடியில், நான் சொன்ன இடத்தில்தான் இருந்தது. டிரெய்லர் நேராக வந்தது. பின்னாலிருந்து கஜேந்திரன் திருப்தியாக, "ரைட்… ரைட்…" என்றார். வித்யாவின் கை வலது பக்கம் நகர்ந்தது.

நிறுத்தச் சொன்னேன். "நேராத்தானே வருது, ஏன் ரைட்ல நகத்தினீங்க?"

"மாமாதான் ரைட் ரைட்னு சொல்றாரே."

கஜேந்திரன் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "நான் எப்பம்மா ரைட்ல திருப்பச் சொன்னேன்? ரைட்னா போலாம்னு அர்த்தம். பஸ்ல ஏறினதே இல்லையா நீ?"

"பஸ்ல ஏறியிருக்கேன் மாமா. பஸ் ஓட்டினதில்ல."

மாடியில் யாரோ சிரித்தார்கள். பஸ் என்றால் ரைட் போவதற்கு, ஹோல்டான் நிற்பதற்கு. அது வித்யாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் காலையில் மைதானத்தில் ரைட் என்றால் கை வலது பக்கம் என்று பழக்கியிருந்தேன். அந்தக் காதோடு உட்கார்ந்திருந்தவருக்கு மாமனார் பின்னாலிருந்து பஸ்ஸை அனுப்பிக்கொண்டிருந்தார். நேராக வரும்போதெல்லாம் அவர் பாராட்டுவார். பாராட்டியதும் டிரெய்லர் சாக்கடைக்குப் போகும்.

அவரை அந்தச் சொல் மட்டும் சொல்லாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொண்டார். டிரெய்லர் ஒரு அடி வந்தது, "ரைட்" என்றார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். பாவம், அது அவர் சொல்வதல்ல, தானாக வருவது. ஒரு சொல்லை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

என் அப்பாவுக்கு இடதும் கிடையாது, வலதும் கிடையாது. கிளீனர் சைடு, டிரைவர் சைடு. வீட்டில் அலமாரிகூட அவருக்கு கிளீனர் சைடு அலமாரிதான். வண்டியைப் பார்த்து நின்றாலும் சரி, முதுகு காட்டி நின்றாலும் சரி, டிரைவர் சைடு மாறாது. வலதும் இடதும் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறிவிடும்.

கஜேந்திரனிடம், "சார், இனிமே ரைட்டும் வேணாம், லெஃப்ட்டும் வேணாம். டிரைவர் சைடு, கிளீனர் சைடு. நேரா வந்தா போலாம். நிக்கணும்னா ஹோல்டான்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "அது லாரிக்காரன் பாஷைம்மா. பஸ்ல ஏது கிளீனர்?"

"இன்னிக்கு நம்மளது லாரிதான் சார். எங்கப்பா கிளீனர். அந்த பாஷைலதான் நான் வளந்தேன்."

அவர் என் சட்டையிலிருந்த பெயரைப் பார்த்தார். பிறகு டிரெய்லரைப் பார்த்தார்.

"அப்ப நான் கிளீனரா?"

"ரிட்டையர்மென்ட்டுக்கு அப்புறம் டிமோஷன்பா" என்றார் அருண்.

"நீ போய் கேட்டப் பிடிடா" என்று மகனை விரட்டிவிட்டு, அவர் பின்னால் போய் நின்றார். வித்யாவிடம் நானும் அதையே சொன்னேன்: டிரைவர் சைடு என்றால் கை உங்கள் கதவுப் பக்கம், கிளீனர் சைடு என்றால் நான் உட்கார்ந்து வந்த பக்கம். காரை முன்னால் எடுத்து நேராக்கினார்.

"போலாம்… போலாம்… கிளீனர் சைடு கொஞ்சம்… போதும், போலாம்…" டிக்கெட் கிழித்த குரல், தெருமுனை வரை கேட்டது. சக்கரம் சாக்கடையைத் தாண்டியது. செம்பருத்தியின் ஒரு கிளை வளைந்து நிமிர்ந்தது. டிரெய்லர் கேட்டுக்குள் முழுசாக வந்ததும் அவர் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். "ஹோல்டான்!"

வித்யா ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் சொல்வதற்குள், "இன்னொரு வாட்டி" என்று மறுபடி வெளியே எடுத்தார். இரண்டாவது தடவை செம்பருத்திகூட அசையவில்லை.

அதற்குப் பிறகு

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது பிரகாஷ் சார் போன் செய்தார்.

"உள்ள போச்சா?"

"போச்சு சார்."

"யாரு போட்டாங்க?"

"அவங்களேதான். ரெண்டு வாட்டி."

"அடுத்த வாரம் ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஒரு டெலிவரி இருக்கு. நீயே போயிடு."

அன்றிலிருந்து டெலிவரி என் வேலை. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனால், கியரைத் தொடும் முன், பின்னால் நின்று கத்தப் போவது யார் என்று கேட்பேன். ஓட்டுகிறவருக்கு மட்டும் பாடம் நடத்தினால் பாதி டெலிவரிதான். கத்துகிறவர் இத்தனை காலம் எந்தச் சொல்லைக் கத்திப் பழகியவர் என்று தெரிந்துகொண்டு, இரண்டு பேருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்த பிறகுதான் ரிவர்ஸ். புதிதாக வருகிறவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். மற்றதெல்லாம் கையில் தானாகப் பழகும்.

அன்று போனை வைப்பதற்கு முன் சாரிடம், சரி, போகிறேன் என்றேன்.

"ரைட்" என்றார் அவர்.

நான் நேராகத்தான் நடந்தேன்.