கவிழ்த்து வைத்த பேசின்

பிள்ளைகளே, ஆபரேஷன் செய்து சின்னவளை எடுத்தபோது, உங்கள் அம்மாவோடு காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தேன். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் தையலில் சீழ் வைத்துவிட்டது. உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம்.

அந்த வார்டில் உடம்பு துடைத்துவிட ஓர் அம்மா வருவார். ஒல்லி உடம்பு, நீலப் புடவை, முழங்கை வரை எப்போதும் ஈரம். சிரித்து நான் பார்த்ததில்லை. வேலை முடிந்ததும் தண்ணீர் பேசினை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஜன்னலோரம் கவிழ்த்து வைப்பார்.

நான் தறிக்காரன். ஒரு சாமான் சும்மா கிடந்தால் பொறுக்காது. அந்த பேசினை எடுத்துக் கழுவி, சீப்பு, பவுடர், ஈரத் துண்டு எல்லாவற்றையும் அதில் அடுக்கிக் கட்டிலடியில் வைத்தேன்.

மறுநாள் அவர் பார்த்தார்.

“யாருபா இதுல கடை போட்டது?”

“நான்தான்மா. கழுவிட்டுத்தான் வெச்சேன்.”

“கழுவினே. காய வெச்சியா? ஈரத்துல கிருமி குடும்பம் நடத்திக்கினு இருக்குது. இதுல தண்ணி ஊத்தி உன் பொண்டாட்டி தையலாண்ட கொண்டு போவணுமா?”

சீப்பையும் பவுடரையும் அவசரமாக வெளியே எடுத்தேன். பேசினைத் திரும்பக் கழுவி வெயிலில் வைத்துவிட்டுப் போனவர், அது காய்ந்த பிறகு மத்தியானம்தான் வந்து துடைத்துவிட்டார். அதுவரை உங்கள் அம்மா என்னோடு பேசவில்லை.

எட்டாம் நாள் டாக்டர் தையலைப் பிரித்துவிட்டு, நன்றாக ஆறியிருக்கிறது என்றார். கிளம்பும்போது அந்த அம்மாவிடம், “போயிட்டு வரோம்மா” என்றேன்.

“வராதீங்க” என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

அது கோபமா வாழ்த்தா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.