திறக்க நேரமெடுத்த கதவு

என் இளைய மகள் வலைத்தளம் செய்கிறவள். அலுவலகத்தை விட்டுத் தனியாகப் பிடித்த முதல் வேலை ஒரு பூட்டுக்காரருடையது. சாவியைத் தொலைத்துவிட்டு வெளியே நிற்பவர்களுக்குக் கதவைத் திறந்து கொடுப்பவர். நாலு மணிக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அன்றைக்கு மூன்றரைக்கு அவருக்காகச் செய்த பக்கத்தை என் போனில் காட்டினாள். பச்சைக் கதவு ஒன்று, பித்தளைக் கைப்பிடி மினுங்க, மெல்ல மெல்லத் திறந்தது. உள்ளேயிருந்து வெளிச்சம் வந்தது. அதற்கப்புறம்தான் எழுத்தும் எண்ணும். எனக்குப் படிக்கத் தெரியாது, கண் இருக்கிறதே, சொக்கிப்போனேன். காற்றாட இன்னொரு தரம் பார்க்கலாம் என்று போனோடு மாடிப்படிக்கு வந்தோம். பின்னால் கதவு சாத்தித் தானே பூட்டிக்கொண்டது. சாவி, அவள் போன், கம்ப்யூட்டர் எல்லாம் உள்ளே.

"கதவ இழுத்தியாம்மா?"

"காத்து."

"காத்துக்குக் கை மொளச்சிருக்கு போல."

காற்றுதான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

"சரி, அவரையே கூப்பிடலாம். நம்பர்தான் நான் செஞ்ச பக்கத்துலயே இருக்கே" என்று என் போனைத் தட்டினாள். பேட்டரி கடைசி மூச்சில் இருந்தது. பச்சைக் கதவு அசைந்தது. கைப்பிடி மினுங்கியது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று தான் செய்த கதவிடமே கெஞ்சினாள். வெளிச்சம் வருகிற நேரத்தில் போன் அணைந்தது.

படியில் உட்கார்ந்துவிட்டாள். "வெளிய நிக்கிறவங்களுக்குன்னு செஞ்சேன். வெளிய நின்னு ஒரு தடவகூடப் பாக்கலையே."

நாலு மணிக்குப் பூட்டுக்காரர் படியேறி வந்தார். எங்களைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "நான் வர்றேன்னு பூட்டி வச்சீங்களா?" என்றபடி ஒரே நிமிடத்தில் திறந்துவிட்டார்.

மகள் எதையும் மறைக்கவில்லை. "உங்க நம்பர் வர்றதுக்குள்ள போன் செத்துப்போச்சு அண்ணா. தப்பு என்னுது. அரை மணி நேரம் குடுங்க."

"அரை மணிதான்" என்று கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

விரல்கள் பறந்தன. எண் மேலே ஏறியது, கண்ணாடி போடாத எனக்கே தெரிகிற அளவுக்குப் பெரிதாக. தொட்டால் நேரே அவருக்குப் போன் போகும். கதவு கீழே இறங்கி, நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் திறந்தது.

பூட்டுக்காரர் அதற்குள் சார்ஜ் ஏறியிருந்த என் போனை வாங்கிக்கொண்டு, மறு கையில் கருவிப்பையோடு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூச்சு விடுவதற்குள், கதவுக்கு அப்பால் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

"பச்சக் கதவ எடுத்துடாதம்மா" என்றது குரல். "அது ரொம்ப அழகா இருக்கு."