முகம் பார்த்துப் பேசிய மாசிலாமணி

மாசிலாமணியோடு சண்டை போடுவதற்காகத்தான் அன்று காலை காட்டூரில் பஸ் ஏறினேன். அதற்கு முந்தின வாரம் என் வயல் வரப்பு வரைக்கும் வந்தவன், என்னைப் பார்க்காமலே திரும்பிப் போயிருந்தான். பக்கத்து வயல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பழவேற்காடு என்று டிக்கெட் கேட்டதும் கண்டக்டர், "நீங்களும் சாவுக்குத்தானா சார்?" என்றார். யார் சாவு என்று கேட்டேன். அவர் சொன்னதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கல்லூரிக் காலத்து நண்பன், தன் சாவைக் கண்டக்டர் வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

இதைப் படிக்கிற பலருக்கும் அவன் 'இறால் டாக்டர்'. ஏரியைப் பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் கடைசி வரிசையில் இருப்பவர் முகத்தையும் பார்த்துப் பேசுகிறவன். அப்படிப்பட்டவன் ஒரு காலத்தில் பேச்சுத் தேர்வில் தோற்றான் என்றால் நம்ப மாட்டீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவனுக்கு இடம் கிடைத்தது. ஆனால் உதவித்தொகை வேண்டுமென்றால் அங்கே இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். அதற்கு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆங்கிலத்தில் பாடம் நடத்திக் காட்டித் தேற வேண்டும். தேறாவிட்டால் உதவித்தொகை இல்லை. அது இல்லாமல் ஏரிக்கரைக் குப்பத்துப் பையன் அமெரிக்கா போவது நடக்கிற காரியமா?

சென்னைக்கு வந்திருந்த இரண்டு பேராசிரியர்கள் தேர்வு நடத்தினார்கள். துணைக்குப் போன என்னையும் கடைசி பெஞ்சில் உட்காரவிட்டார்கள். மாசிலாமணி கரும்பலகையில் ஏரியையும் முகத்துவாரத்தையும் வரைந்து, இறாலின் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினான். ஆங்கிலம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் பலகையிடம் பேசினான், பிறகு ஜன்னலிடம் பேசினான். குரலோ தெருமுனை வரை கேட்டிருக்கும். இருவரில் ஒருவரான பேராசிரியர் அம்மா ஒரு சந்தேகம் கேட்டார். அதற்கும் ஜன்னலுக்குத்தான் பதில் சொன்னான்.

முடிந்ததும் அந்த அம்மா அவனை அழைத்தார். "உங்கள் ஆங்கிலத்தில் பெரிய குறை இல்லை. யாரிடம் பேசுகிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை வாருங்கள். அதுதான் கடைசி" என்றார்.

பஸ்ஸில் அவனைப் பிடிபிடியென்று பிடித்தேன். "ஏண்டா, அந்தம்மா மூஞ்சியில இன்னா முள்ளா இருக்குது?"

"நைனா தோணியில முன்னால நின்னு வலை வீசுவாரு. நான் பின்னால கோல் போட்டுத் தோணியத் தள்ளுவேன். அவுரு முதுகுக்குத்தான்டா நான் பேசக் கத்துக்கினேன். காத்துல கேக்கணும்னா கத்தணும். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கினு நின்னா தோணி எங்க போவும்?" என்றான். இதையும் வெளியே பார்த்தபடியேதான் சொன்னான்.

விஷயத்தைக் கேட்ட அவன் மனைவி கஸ்தூரி சிரித்தாள். "இத்தத் தெரிஞ்சிக்க மெட்ராஸ் போவணுமாண்ணே? கண்ணாலம் ஆனதிலேர்ந்து எங்கிட்ட பேசறதெல்லாம் ஏரியப் பாத்துதான். நான் மூக்குத்தி மாத்தி ஒரு மாசமாவுது. தெரியுமான்னு கேளுங்க." அவன் திரும்பிப் பார்த்தான். பாவி, அவனுக்குத் தெரியவே தெரியாது. கஸ்தூரியின் சிரிப்பு நின்றுவிட்டது. "எதிர்ல உக்காரு. எனக்குப் பாடம் எடு" என்றாள்.

அன்றிலிருந்து சாயங்காலம்தோறும் அவள் இறால் உரிக்க, இவன் எதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் பாடம் எடுத்தான். அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அவன் கண் வாசல் பக்கம் நழுவினால் ஒரு இறால் தலை பறந்து வந்து அவன் மேல் விழும். குரல் உயர்ந்தால் இன்னொன்று. எனக்கு வயிறு வலிக்கும் வரை சிரிப்பு. அவன் சட்டையோ பக்கத்தில் போக முடியாத நாற்றம். போகப் போக, அவள் முகம் வாடினால் நிறுத்தினான். அவள் குவியலிலிருந்தே ஒரு இறாலை எடுத்துக் காட்டி, மறுபடி வேறு விதமாகச் சொன்னான். ஒருநாள் அவள் உரிப்பதை நிறுத்திவிட்டு, "இன்னா சொன்ன, முட்டை வைக்கத் திரும்பக் கடலுக்கே பூடுதா?" என்று கேட்டாள். அவன் எழுந்து குதித்தே விட்டான்.

இரண்டாம் முறை, பாடத்தின் நடுவே அந்தப் பேராசிரியர் அம்மாவின் புருவம் லேசாகச் சுருங்கியது. மாசிலாமணி நிறுத்தினான். எந்த இடம் புரியவில்லை என்று கேட்டுத் திரும்பச் சொன்னான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்ததும், "பாஸானது கஸ்தூரிடா" என்றான். அமெரிக்கா போய்ப் பட்டம் வாங்கி, இந்த ஏரிக்கே திரும்பியும் வந்தான். "வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே மூஞ்சி சொல்லிடும்டா, இன்னா புரியலன்னு" என்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மேடையில் மாலை போட்ட அவன் படத்தின் பக்கம் திரும்பியதும், வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. ஏன்டா வரப்பு வரைக்கும் வந்துட்டு என்னப் பாக்காமப் போன என்று அவனிடமே கேட்டேன்.

"அண்ணே" என்று பின்னாலிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது. "இந்தப் பொண்ணுக்கு அடுத்த மாசம் அதே பரிட்சை. எதிர்ல உக்காந்து கேக்க ஆள் வேணும்னு உங்களக் கூப்புடத்தான் வந்தாரு. நீங்க முதுகக் காட்டிக்கினு நாத்துப் பறிச்சிக்கினு இருந்தீங்களாம். அப்பறமா மூஞ்சியப் பாத்துச் சொல்லிக்கலாம்னு வந்துட்டாரு."

திரும்பினேன். முதல் வரிசையில், கஸ்தூரி பக்கத்தில், அவன் குப்பத்துப் பெண் ஒருத்தி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாசிலாமணி எனக்கு விட்டுப்போனது இந்தத் திரும்புதல்தான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கும் வரை காத்திருந்து, அவன் தோற்ற கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.