அங்கே ரிட்டயர், பெங்களூரில் டூட்டி

பணக்கார நாட்டு ஆஸ்பத்திரிகள் போதும் என்று கழற்றிப் போடும் மெஷின்கள் கப்பலேறி வந்து பெங்களூரின் சின்ன நர்சிங் ஹோம்களில் மறுபடி வேலைக்குச் சேர்கின்றன. அவை பாதியில் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். வீடு மர்பி டவுனில். பதினேழு வருஷமாகப் பையில் டூல்ஸும் வயிற்றில் பயமுமாகத்தான் தினமும் கிளம்புகிறேன். யாரோ கழித்த லிஃப்ட், ஜெனரேட்டர் என்று எதையாவது ஓட்டிக்கொண்டிருக்கும் சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் மெஷின் நின்றால் உங்களைத் திட்டுவார்கள். என் மெஷின் நின்றால் திட்டுவதற்கு ஆள் மிச்சம் இருக்குமா என்பதே என் கவலை.

ஜப்பான் எழுத்து

விவேக் நகரில் ஒரு நர்சிங் ஹோமுக்கு ஜப்பானிலிருந்து வந்த வென்டிலேட்டரை மாட்டிக் கொடுத்திருந்தேன். நல்ல மெஷின். ஆனால் திரையில் வருவதெல்லாம் ஜப்பான் எழுத்து. முக்கியமான பட்டன்களுக்கு மட்டும் நானே ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கரில் பெயர் எழுதி வைத்தேன். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அங்கிருந்து நர்ஸ் ஸ்டெல்லா போன் செய்தாள். திரை முழுக்கச் சிவப்பு, ஒரு வரி விட்டு விட்டு எரிகிறது, மெஷினில் ஒரு பெரியவர் இருக்கிறார், டாக்டர் இன்னும் வரவில்லை. போட்டோ அனுப்பச் சொன்னேன். அதை என் போனில் மொழிபெயர்த்தால், 'தண்ணீர் பொறி வைத்திருக்கிறது' என்று வந்தது. "மெஷினைக் கழட்டும்மா, கையால அமுக்கற பையை மாட்டு, நான் வர்ற வரைக்கும் விடாம அமுக்கு" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

டிராஃபிக்கில் நாற்பது நிமிஷம். வழியெல்லாம் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் அமுக்கி அமுக்கி எண்ணுவதைக் கேட்டுக்கொண்டே போனேன். ஒரு சிக்னலில் எண்ணுவது நின்றது. ஆட்டோவிலேயே எழுந்து நின்றுவிட்டேன். கை மாற்றிக்கொண்டிருந்தாளாம். கோளாறு ஒன்றும் பெரிதில்லை. குழாயில் சேரும் நீரைப் பிடிக்கிற சின்னக் கிண்ணம் நிரம்பியிருந்தது; போன் 'பொறி' என்றது அதைத்தான். கொட்டிவிட்டு மாட்டியதும் மெஷின் சமாதானமாகிவிட்டது. பெரியவர் பிழைத்தார். ஸ்டெல்லா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த ஊரு நர்ஸுக்கு அதைப் படிக்கத் தெரியும்ணா. எனக்கு கைதான் இருந்துச்சு."

ப்ளைவுட் சுவர்

வேறொரு கிளினிக்கில் எக்ஸ்ரே மெஷின் மங்கலாகப் படம் எடுக்கிறது என்று கூப்பிட்டார்கள். யாரோ மாட்டியது. ஐரோப்பாவில் எந்த ஊரிலோ இருந்தபோது அதைச் சுற்றி ஈயத்தகடு பதித்த சுவர் இருந்திருக்கும். மெஷினோடு வந்த புத்தகத்தில் அந்தச் சுவருக்குப் படமே போட்டிருந்தது. இங்கே ப்ளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் பில் கவுன்டர். அங்கே நந்தினி என்ற பெண், நிறைமாதத்துக்கு இரண்டு மாதம் பாக்கி, சாவகாசமாக உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு, கதிர்வீச்சு அளக்கும் மீட்டரை அவள் நாற்காலி மேல் வைத்து ஒரு தடவை மெஷினைப் போட்டேன். முள் எழும்பியது. அது எழும்பிய அளவு எனக்குப் பிடிக்கவில்லை.

உரிமையாளர் டாக்டரிடம் சொன்னேன். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார். நான் ஒன்றும் வீரன் இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த நாற்காலியைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. திரும்பிப் போய் மெஷினின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். டாக்டர் போனில் கத்தினார், போலீஸ் என்றார். நாலாம் நாள் ஈயத்தகடு அடித்துவிட்டு அவரே வண்டி அனுப்பினார். ஃபியூஸைப் போட்டு, மறுபடி அளந்தேன். முள் அசையவில்லை. "இனிமே பயமில்லம்மா" என்று நந்தினியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தகட்டைத் தட்டிப் பார்த்தாள். "இதுக்கு முன்னாடி ஆறு மாசம் நான் இங்கதானே சார் உக்காந்திருந்தேன்?"

பத்து நிமிஷம்

இது என் கதை. எக்ஸ்ரே மெஷினுக்குள் கரண்டைச் சேர்த்து வைக்கும் டப்பாக்கள் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் ஆளைக் கொல்லும். மூடியில் மஞ்சள் ஸ்டிக்கர்: பத்து நிமிஷம் காத்திரு, பயிற்சி பெற்ற இருவர் சேர்ந்தே திறக்க வேண்டும். எங்கள் தரப்பில் பயிற்சி பெற்றவன் நான் ஒருவன்தான், இரண்டாவது ஆள் வேன் ஓட்டும் இக்பால் பாய். வெளியே கை முறிந்த குழந்தைகள் இரண்டு அழுதுகொண்டிருந்தன. ஆறு நிமிஷத்தில் மூடியைத் திறந்து கையை நீட்டினேன். பாய் பின்னாலிருந்து என் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் தரையில். என் கையிலிருந்த ஸ்பேனர் மட்டும் உள்ளே விழுந்து, பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஸ்பேனரின் நுனி உருகிப்போயிருந்தது. பாய்தான் முதலில் எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டார்: "அரே குமாரு, அந்த ஊர்ல ஒரு மெஷினுக்கு ரெண்டு ஆளுப்பா. இங்க ஒரு ஆளுக்கு முப்பது மெஷின்."

அழிக்கச் சொன்ன நம்பர்

தொம்மலூர் பக்கம் ஒரு டயாலிசிஸ் சென்டர். அதில் ஒரு மெஷினுக்கு உதிரி பாகம் வேண்டும் என்று ஜெர்மனிக்கு எழுதி, மெஷினின் நம்பரையும் அனுப்பியிருந்தேன். ஒரு மத்தியானம், நான் அங்கேயே இருக்கும்போது, அந்த ஊர் இன்ஜினியர் வீடியோவில் கூப்பிட்டார். நம்பரை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் முகம் மாறிவிட்டது. அந்த மெஷினில் ரத்தம் ஓடும் குழாயில் உயிரெடுக்கும் காற்றுக்குமிழி வந்தால் கண்டுபிடித்து நிறுத்தும் சென்சார் நம்ப முடியாதது, அதனால்தான் பிரித்து அழித்துவிடச் சொல்லி அனுப்பினோம் என்றார். அப்புறம் மெதுவாக, "இப்போது அதில் யாரும் இல்லையே?" என்று கேட்டார். போனைத் திருப்பிக் காட்டினேன். முனிரத்தினம் என்ற ஆட்டோ டிரைவர் கையில் ஊசியோடு படுத்து, கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரைக் கூட்டி வந்தேன். நிறுத்திவிடலாம் என்றார். மாற்று மெஷின் இல்லை. மற்ற ஆறிலும் ஆள். வெளியே இடம் கிடைக்க ஒரு வாரமாவது ஆகும். முனிரத்தினத்துக்கு ஏற்கெனவே கால் வீங்கி, மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் அவரிடமே சொன்னார் டாக்டர். அவர், "நிறுத்தாதீங்க சார்" என்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ரத்தம் உடம்புக்குத் திரும்பும் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் குழாயை நெரிக்கும் கவ்வி. நர்ஸ் எதிர்ப்பக்கம். இரண்டரை மணி நேரம். கண் சிமிட்டக்கூட யோசனையாக இருந்தது. வெளிச்சம் பட்டு மின்னியதையெல்லாம் குமிழி என்று நினைத்து மூன்று தடவை கவ்வியைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. முடிந்து ஊசியை எடுத்த பிறகுதான் கவ்வியைக் கீழே வைத்தேன்.

அந்த மெஷினை அன்றைக்கே மூலையில் தள்ளி, வயரை வெட்டினேன். பத்து நாளில் வேறொன்று வந்தது. அதுவும் பழசுதான், ஆனால் சென்சாரை இருபது தடவை சோதித்த பிறகே விட்டேன். அதில் படுத்திருந்த முனிரத்தினத்திடம், "இது நல்ல மெஷின், தைரியமா இருங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "அன்னிக்கு நீ பக்கத்துல இருந்தே தம்பி, பயம் தெரியல, இன்னிக்கு மெஷின் மட்டும்தானே இருக்கு?"

இத்தனைக்கும் பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசைதான்: நாளைக்கு எனக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால், நான் கை வைக்காத மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்களும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.