மில்பிடாஸில் பதினான்கு ஊசிகள்

மார்ச் மாதம், வியாழக்கிழமை. விடியற்காலை ஐந்து மணிக்கு எடிசனிலிருந்து கிளம்பினேன். நியூவர்க் விமான நிலையம் இருபது மைல். ஏழு மணி விமானம், போக வர நானூற்றுப் பன்னிரண்டு டாலர். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியபோது அங்கே காலை பத்தரை. என் அக்கா கௌரி இருக்கும் சான்டா கிளாரா அங்கிருந்து முப்பது மைலுக்குச் சற்று மேல். வேண்டாம் என்று சொல்லியும் காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் ஆசிரியை. கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் சியாட்டிலில் வேலை பார்க்கிறாள். ஜனவரியில் ஒரு நாள் அக்காவுக்கு முகத்தின் வலது பக்கம் செயலிழந்தது. முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கி இப்படி ஆகும்; பக்கவாதம் அல்ல, உயிருக்கும் ஆபத்தில்லை. பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். அக்காவுக்கு இரண்டு மாதமாகியும் ஆகவில்லை. நரம்பியல் மருத்துவர் இன்னும் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். டேகேரில் உடன் வேலை பார்க்கும் சீனப் பெண்மணி ஒருவர் தன் ஊர் ஊசி வைத்தியத்தைப் பார்க்கச் சொன்னார். அதற்குத் துணையாகத்தான் நான் போனேன்.

வீடியோவில் பேசும்போதெல்லாம் அக்கா போனை இடது பக்கமாகவே பிடித்துக்கொள்வாள். காரில் அப்படி முடியாது. இந்த நாட்டில் ஓட்டுபவர் இடது பக்கம் உட்காருகிறார். பக்கத்து இருக்கையில் இருப்பவனுக்கு அவருடைய வலது கன்னம்தான் தெரியும். 101 ஃப்ரீவேயில் முக்கால் மணி நேரம் அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சுருக்கமே இல்லாமல், இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது. இமை முழுதாக மூடாததால் காற்று படாமலிருக்கப் பெரிய கண்ணாடி போட்டிருந்தாள்.

“என்னடா அப்படிப் பாக்கற? ஒரு பக்கம் வயசு கொறஞ்சிருச்சு, அவ்ளோதான்” என்றாள். பேசும்போது உதடு ஒரு பக்கமாகவே இழுத்தது.

நான் சிரிக்கவில்லை. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் மருந்தாளுநர். நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கடையின் கவுன்ட்டரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நிற்கிறேன். ஜனவரியில் அந்தச் செவ்வாய்க்கிழமை, எங்கள் நேரம் மாலை ஐந்தே முக்காலுக்கு, அக்கா முதலில் கூப்பிட்டது என்னைத்தான்.

“தம்பி, வலது பக்கம் மூஞ்சி மரத்த மாதிரி இருக்கு. காப்பி குடிச்சா ஓரமா ஒழுகுதுடா.”

என் முன்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். “ஏசி காத்து அடிச்சிருக்கும்க்கா. சூடா ஒத்தடம் குடு. நான் அப்புறம் கால் பண்றேன்” என்றேன்.

முகம் ஒரு பக்கம் கோணினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்த வியாதிதான் என்று தெரிந்தால் மூன்று நாளுக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குவது நல்லது. கடைக்கு வருகிற யார் கேட்டிருந்தாலும் இதைத் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். அக்காவுக்குச் சொல்லவில்லை. சொன்னபடி அப்புறம் கூப்பிடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூப்பிட்டபோது, வெள்ளியன்றே டேகேரில் யாரோ அவளை அர்ஜென்ட் கேர் என்கிற அவசர கிளினிக்குக்கு அழைத்துப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வெள்ளி நான்காவது நாள்.

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. சான்டா கிளாராவிலிருந்து மில்பிடாஸ் ஒன்பது மைல், மான்டேக் எக்ஸ்பிரஸ்வே வழியாக. காலையில் காப்பி குடிக்கக் கூடாது, நாக்கை வழிக்கக் கூடாது என்று கிளினிக்கில் போனிலேயே சொல்லியிருந்தார்கள். நாக்கின் நிறத்தைப் பார்ப்பார்களாம். வெறும் வயிற்றோடும் வரக் கூடாது, மயக்கம் வரலாம். ஆகவே இரண்டு இட்லியும் வெந்நீரும். சட்டைக் கை முழங்கைக்கு மேலும், பேன்ட் முழங்காலுக்கு மேலும் ஏறுகிற மாதிரி தொளதொளவென்று உடுத்திக்கொண்டு வந்தாள் அக்கா.

கடைத்தொகுதி முழுக்கச் சீன எழுத்துகள். ஒரு பேக்கரிக்கும் பபுள் டீ கடைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கிளினிக். உள்ளே நுழைந்ததும் எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடை வாசனை. அதிமதுரம், பட்டை, இஞ்சி மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். சுவரில் கலிபோர்னியா மாநிலம் வழங்கிய உரிமம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதைக் கிட்டப் போய்ப் படித்தேன். போகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டும். கட்டணம் முதல் முறைக்கு நூற்று இருபது டாலர், பிறகு ஒவ்வொரு முறையும் எண்பத்தைந்து.

சிகிச்சையாளரின் பெயர் லின். அறுபதைத் தாண்டிய, மெலிந்த பெண்மணி. ஊசிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் கேள்விகள்தான். தூக்கம் எப்படி, தாகம் உண்டா, மலம் எப்படி, கை கால் குளிர்கிறதா, இரவில் வியர்க்கிறதா, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும், கர்ப்பிணிகளும் இந்த இடத்தில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறகு இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்து, கண்ணை மூடி நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அக்காவின் நாக்கு நேராக வந்தது; பக்கவாதமென்றால் ஒரு பக்கம் கோணலாம். அதில் எனக்கே ஒரு நிம்மதி.

“விண்ட்” என்றார் லின். காற்று உள்ளே புகுந்து முகத்தின் பாதைகளை அடைத்திருக்கிறது, அவர்கள் சாஸ்திரத்தில் இதற்கு அதுதான் பெயர் என்று விளக்கினார். நாமும் வாதம் என்றுதான் சொல்கிறோம்; அதுவும் காற்றுதான். ஆனால் என் மனதில் அது எதுவும் ஓடவில்லை. ஏசி காற்று என்று நான் போனில் சொன்னதுதான் காதில் விழுந்தது. அவர் சொன்ன காற்று எழுபது கேள்விகளுக்குப் பிறகு வந்தது. என்னுடையது ஒரு கேள்விகூட இல்லாமல் வந்தது.

“எப்போது தொடங்கியது? மாத்திரை எத்தனையாவது நாள்?” என்று கேட்டார்.

“நாலாவது நாள். நான்தான் லேட் பண்ணிட்டேன்” என்றாள் அக்கா ஆங்கிலத்தில். என் பக்கம் திரும்பவில்லை.

லின் அதைக் குறித்துக்கொண்டார். “தம்பி என்ன வேலை?” என்று பேச்சுவாக்கில் கேட்டார். அக்கா சொன்னாள். “நல்லது, வீட்டிலேயே கேட்க ஆள் இருக்கிறது” என்றார் அவர். வாயைத் திறக்க அதைவிடச் சரியான இடம் எனக்குக் கிடைத்திருக்காது. தரையில் விரித்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊசிகள் முடியைப் போல மெல்லியவை. ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடுவார்கள்; உறையை நம் கண் முன்னால்தான் கிழிக்கிறார்கள். முகத்தில் எட்டு, காதுக்குப் பின்னால் இரண்டு, கைகளில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒவ்வொன்று, முழங்காலுக்குக் கீழே இரண்டு. மொத்தம் பதினான்கு. குத்துகிற வலி அநேகமாக இல்லை. குத்திய பிறகு உள்ளே கனமாக ஓர் இழுப்பு வரும், வந்தால் சொல்லுங்கள் என்றார்.

“கையில தெரியுது. மூஞ்சியில ஒண்ணுமே தெரியலையே” என்றாள் அக்கா. அவள் குரல் இறங்கியதை அந்த ஒரு தடவைதான் கேட்டேன்.

மேலே ஒரு சூட்டு விளக்கைத் திருப்பி வைத்துவிட்டு, அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டார்கள். ஊசிகளை எடுத்த பிறகு, மாசிப்பத்திரி இனத்துச் செடியை உலர்த்திச் சுருட்டு மாதிரி உருட்டியதைக் கொளுத்தி, தோலில் படாமல் காதுக்குப் பின்னால் சூடு காட்டினார். தோள் இறுகியிருந்ததால் அங்கே இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்து உறிஞ்ச விட்டார். அந்தச் சிவந்த வட்டங்கள் ஒரு வாரம் இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. கஷாயப் பொடி தரட்டுமா என்றார். அதில் அதிமதுரம் உண்டா என்று கேட்டேன். உண்டு. அக்காவுக்கு இரத்த அழுத்தம், அதிமதுரம் அதை ஏற்றும் என்றேன். அவர் உடனே ஒப்புக்கொண்டு பொடியே வேண்டாம் என்றார். அந்தக் காலையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

கடைசியில் நேராகவே பேசினார். வாரம் இருமுறை, ஆறு வாரம். அதற்குள் என்ன வருகிறதோ அது. நரம்பு தானாக மீள்வதும் உண்டு; வந்தது ஊசியாலா, காலத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உறுதி எதுவும் தர மாட்டேன். நரம்பியல் மருத்துவரிடம் போவதை நிறுத்தாதீர்கள். இத்தனை சொல்கிறவரை நம்பலாம் என்று பட்டது.

மணி பதினொன்றே முக்கால். பபுள் டீ கடை வாசலில் உட்கார்ந்தோம். அக்காவுக்கு ஸ்ட்ராவில் உறிஞ்ச முடியாது, உதடு சேராது. அவளுக்குச் சூடான தேநீர் வாங்கி வந்தேன். உதட்டோரத்தில் டிஷ்யூவை அழுத்திக்கொண்டு குடித்தாள்.

“அக்கா, அன்னிக்கு நீ போன் பண்ணப்ப நான்...”

“தெரியும்டா.”

“என்ன தெரியும்?”

“மூணு நாளுக்குள்ள மாத்திர ஸ்டார்ட் பண்ணியிருக்கணும்னு. அர்ஜென்ட் கேர்லயே சொன்னாங்க. ஏன் இவ்ளோ லேட்டுன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“வேல பிசின்னு சொன்னேன்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. ரெண்டு மாசமா ஒரு வார்த்தகூடச் சொல்லல.”

தேநீரைக் கீழே வைத்தாள். “சொன்னா உனக்கு என் மூஞ்சியப் பாக்கவே சங்கடமாயிரும். நீ போன் பண்றதே வாரத்துக்கு ஒரு தடவ. அதையும் விட்டுருவ.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வானிலையைச் சொல்வது போலச் சொன்னாள். “சாரிக்கா” என்றேன். ஆங்கிலச் சொல்லாக இருந்ததால் சுலபமாக வந்துவிட்டது.

“சரி விடு. ஸ்கார்ஃப எடு, காத்து படக் கூடாதுன்னு சொன்னாங்க” என்று எழுந்தாள்.

சனிக்கிழமை, மாலை நான்கு மணி. எல் கமினோ சாலையில் ஒரு இந்திய மளிகைக் கடை. முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். “மிஸ் கௌரி” என்று கத்திக்கொண்டு ஒரு சிறுமி ஓடி வந்தாள், மூன்று வயது இருக்கும். பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். அக்காவை அண்ணாந்து பார்த்து, “ஆர் யூ மேட் அட் மீ?” என்று கேட்டாள், தன் மேல் கோபமா என்று.

அக்கா மண்டியிட்டு உட்கார்ந்தாள். “நோ கண்ணா. ஐ ஆம் சோ ஹாப்பி. மை ஃபேஸ் இஸ் ஸ்லீப்பிங், தட்ஸ் ஆல்.”

குழந்தை நம்பவில்லை. திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. “சாரி ஆன்ட்டி, அவளுக்குப் புரியல” என்றாள் அந்தப் பெண், முகம் சிவந்து.

“பரவால்லம்மா” என்றாள் அக்கா. காரில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. பிப்ரவரியிலிருந்து அவள் வகுப்புக்குப் போவதில்லை. பேசத் தெரியாத பிள்ளைகள் முகத்தைத்தான் படிக்கும். சிரிக்காத முகம் அவற்றுக்குக் கோபம். இரண்டு பேர் அழுதார்களாம். அவளே கேட்டு, சமையலறைக்கு மாற்றிக்கொண்டு பழம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை. விமானம் பகல் ஒன்றரைக்கு. தோசை வார்த்துக்கொண்டே அக்கா கேட்டாள், “நாளைக்கு ரெண்டாவது சிட்டிங். இருந்துட்டுப் போறியா?”

“மண்டே ஷிஃப்ட் இருக்குக்கா.”

“ஓகேடா.” தோசையைத் திருப்பிப் போட்டாள்.

ஒரு போன் செய்திருந்தால் எனக்குப் பதிலாக நிற்க ஆள் இருந்தது. விமானம் நெவாடா மலைகளுக்கு மேல் போகும்போதுதான் அந்த ஆளின் பெயர்கூட நினைவுக்கு வந்தது. அக்கா மறுநாள் தனியாகப் போனாள். அதற்கடுத்த பத்து முறையும் தனியாகத்தான்.

எடிசனில் என் வீட்டிலிருந்து ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போகிற வழியிலேயே இதே போல் ஊசி வைத்தியம் செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. இதே வாசனை வருகிறது, இதே மாதிரி உரிமமும் மாட்டியிருக்கிறது. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் தங்கியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, யாரும் என்றால் நான்.

ஏப்ரல் கடைசியில் பன்னிரண்டு முறையும் முடிந்தன. கண் இப்போது முழுதாக மூடுகிறது. நெற்றி கொஞ்சம் சுருங்குகிறது. உதட்டோரம் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. முதல் மூன்று நாளில் மாத்திரை கொடுத்திருந்தால் மீதிப் பாதியும் வந்திருக்குமா என்று நரம்பியல் மருத்துவரிடம் நானே போனில் கேட்டேன். வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம் என்றார். நான் படித்த படிப்பும் அதையேதான் சொல்கிறது.

அக்கா மே மாதம் வகுப்புக்குத் திரும்பினாள். “பாதி வந்துருச்சுல்ல. பசங்களுக்கு அது போதும்டா” என்றாள்.

“இன்னும் ஒரு பத்து சிட்டிங் பாக்கலாம்க்கா. இந்தத் தடவ நான் வந்து கூடவே இருக்கேன்.”

“வேண்டாம். இதுக்கு மேல வராதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.” பிறகு சொன்னாள், “சும்மா வாயேன்.”

போனை வைத்த பிறகு எண்ணிப் பார்த்தேன். அக்கா அமெரிக்கா வந்து பதினெட்டு ஆண்டுகளில் சான்டா கிளாராவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். அவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு, கணவரின் கருமாதிக்கு, பிறகு இதற்கு. சும்மா போனதில்லை.